நார்வேத் திடலின் வெயில் பக்கம்

நார்வே மண்ணை நான் மிதித்ததில்லை. ஆனால் அந்நாட்டின் ஒரு சிறு நகரத்துக் கால்பந்துத் திடலில் எந்தப் படிக்கட்டு எத்தனை அடி, எந்தக் கைப்பிடியின் திருகு தளர்ந்திருக்கிறது, வடகிழக்கு மூலையில் மழைநீர் எந்தச் சுவரோரம் தேங்குகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதினாலு மாதம் அந்தத் திடல் என் மேசையில் இருந்தது.

எங்கள் அலுவலகம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மனுகாவில், ஒரு பல் மருத்துவரின் அறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நான்கு பேர்தான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடப் பொறியாளர். நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவள். இருபத்தாறு வருடமாகக் கட்டட வரைபடங்கள் வரைகிறேன், முதலில் கையால், பிறகு கணினியில். இருக்கிற கட்டடத்தை லேசர் கருவியால் அளந்து அனுப்பினால், அதை அறை அறையாக, படி படியாகக் கணினியில் எழுப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. நார்வேயின் ஒரு கட்டடக்கலை அலுவலகத்துக்கு வேலை அதிகமாகிவிட, அந்தத் திடலைப் புதுப்பிக்கும் பணியின் ஒரு பகுதி எங்களுக்கு வந்தது. எங்கள் கோடைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். கடிகாரம் ஒரே எண்ணைக் காட்டும். அவர்கள் மாலையில் விட்டுப் போனதை, அங்கே இரவு எட்டரை ஆகும்போது, நான் இங்கே காலை எட்டரைக்கு எடுப்பேன்.

என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறார். கால்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம்.

"ஆஃப்சைடுன்னா என்னான்னு கேட்டா முழிக்கிற ஆளு, ஸ்டேடியம் கட்டுது!" என்று முதல் நாளே சொன்னார்.

"நான் கட்டல லா, வரையறேன். பந்து எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?"

"அதான் பயமா இருக்கு."

வேலையோடு ஒரு கட்டுப் பழைய வரைபடங்களும் வந்தன, படமெடுக்கப்பட்டவை. நான் எதையும் பழையதிலிருந்து தொடங்குகிறவள் என்பதால் முதல் ஐந்து நாட்கள் அவற்றைத்தான் பார்த்தேன். மிகப் பழைய தாளில் ஒரு வேலி, ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய். குழாய் எதற்கு என்று புரியவில்லை. குளிர்காலத்தில் திடலில் தண்ணீர் பாய்ச்சி உறைய விட்டு, ஊரே அதன்மேல் சறுக்கி விளையாடுமாம். நார்வே அலுவலகத்துக் கட்டடக்கலைஞர், முப்பது வயதிருக்கும் ஒரு பெண், திரையில் சிரித்துக்கொண்டே விளக்கினார். அடுத்த தாளில் தெற்குப் பக்கம் மரத்தாலான ஒரு பார்வையாளர் மாடம் எழும்பியிருந்தது. ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் கூலி வாங்காமல் கூடிக் கட்டியது. அந்த வழக்கத்துக்கு அவர்கள் மொழியில் டுக்னாட் என்று ஒரு சொல் உண்டென்று அவர் சொன்னதை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். தாளின் ஓரத்தில் பென்சிலால், எந்தத் தெரு எத்தனை பலகை கொண்டுவர வேண்டும் என்று குறித்திருந்தார்கள்.

பிறகு திடலைச் சுற்றி ஓட்டப்பாதை வந்தது. வடக்கு மேட்டில் கான்கிரீட் படிகள் வந்தன, நின்று பார்ப்பதற்கு. மர மாடம் போய் இரும்புக் கூரையோடு புதிய மாடம் வந்தது. ஓட்டப்பாதையை எடுத்தபோது ஆடுகளத்தையே சில மீட்டர் தெற்கே தள்ளியிருந்தார்கள். அந்தத் தாளில் பழைய கோடுகள் மங்கலாகவும் புதியவை அழுத்தமாகவும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கடைசியாகப் புல்லை உரித்துவிட்டு, பனி உருகுவதற்கான வெந்நீர்க் குழாய்களைப் பதித்து, மேலே செயற்கைப் புல்லை விரித்திருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை முழுதாக அழிக்காமல் ஏதோ ஒரு சுவரையோ வாசலையோ விட்டு வைத்திருந்தது. இப்போதைய வேலையில் வடக்குப் படிகளுக்குப் பதில் ஒரு மாடம், இன்னும் கொஞ்சம் இருக்கைகள், பெண்கள் அணிக்கு உடைமாற்றும் அறைகள், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஒரு மேடை.

அந்த மேடையைப் பற்றிக் கோரிக்கைத் தாளில் இருந்தது ஒரே வரி. சக்கர நாற்காலிப் பார்வையாளர்களின் மேடை வெயில் படும் மாடத்தில் அமைய வேண்டும். இது அவர்களுடைய நீண்டநாள் கோரிக்கை. வடக்கு மாடமா தெற்கு மாடமா என்று எழுதவில்லை. அந்த ஊரில் அதை யாரும் எழுத வேண்டியதில்லை.

நான் தெற்கு மாடத்தில் வரைந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். கிள்ளானில் சூரியன் தலைக்கு மேலே போகும். எந்தப் பக்கம் வெயில் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. எல்லாப் பக்கமும் வெயில்தான். ஆக்லாந்துக்கு வந்த புதிதில் பாபடோயிட்டோயில் தெற்கு பார்த்த ஒரு சிறு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு குளிர்காலம் சுவரில் பூஞ்சை துடைத்தே கழிந்தது. சொந்த வீடு தேடியபோது விற்பனை முகவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வடக்கே கையைக் காட்டினார். இங்கே சூரியன் வடக்கு வானில்தான் நடக்கும். வடக்கு பார்த்து உட்கார்ந்தால்தான் முகத்தில் வெயில் படும். முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட பாடம் என்பதால் அது எனக்குள் சட்டம்போல் உறைந்துவிட்டது. தெற்கு மாடத்தில் உட்காருபவர் வடக்கைப் பார்ப்பார். ஆகவே வெயில் அங்கே.

நான் சோதிக்காமல் விடவில்லை. எதையும் இருமுறை பார்க்காமல் அனுப்புவது என் வழக்கமல்ல. நாங்கள் வரையும் மென்பொருளில், ஒரு நாளையும் மணியையும் கொடுத்தால் வெயிலும் நிழலும் எங்கே விழும் என்று காட்டும் வசதி இருக்கிறது. ஏப்ரல் மாதத்து மதியம் மூன்று மணி என்று கொடுத்தேன். தெற்கு மாடத்தின் மேடை பளீரென்று இருந்தது. அன்றைய நாட்குறிப்பில், "மேடை. வெயில் சோதனை முடிந்தது. சரி" என்று எழுதியிருக்கிறேன். படத்தை அனுப்பினோம். அழகாக இருக்கிறது என்று பதில் வந்தது. அங்கேயும் யாரும் திசையைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததாகச் சொல்லவில்லை.

அந்தத் திடலின் விளக்குக் கம்பம் ஒன்றில் கட்டுமானக் கேமரா பொருத்தியிருந்தார்கள். மணிக்கு ஒரு படம். நான் தினமும் காலை எட்டு முப்பத்தைந்துக்குத் தேநீரோடு உட்கார்ந்து, அங்கே அப்போதுதான் முடிந்த பகலின் படங்களை வரிசையாகப் பார்ப்பேன். எந்தத் தூணை இடித்தார்கள், எந்தச் சுவர் நிற்கிறது என்று என் கணினி மாதிரியோடு ஒப்பிடுவதற்காக. இங்கே பிப்ரவரி வெயிலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பனியைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, திடலின் வடக்கு ஓரம் பச்சையாகவும் தெற்கு ஓரம் வெள்ளையாகவும் இருந்தது. கட்டுமானத்துக்காகத் தரைக்கடியில் ஓடும் வெந்நீரை நிறுத்தியிருந்த நாட்கள் அவை. யாரோ ஒரு பக்கம் மட்டும் பனியை வாரியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புதன்கிழமை படங்களில் புதுப்பனி முழுத் திடலையும் மூடியிருந்தது. வியாழக்கிழமை மறுபடி வடக்கு ஓரம் மட்டும் பச்சை. வாருகிற ஆட்கள் ஒருவரும் படத்தில் இல்லை. பத்து மணிப் படம், பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தெற்கு மாடத்தின் கூரை நிழல் ஆடுகளத்தின் பாதி அகலம்வரை விழுந்து கிடந்தது. நாள் முழுக்க அது அந்தத் தெற்குப் பகுதியை விட்டு நகரவே இல்லை.

தேநீர் ஆறியது. மென்பொருளில் அந்தக் கோப்பின் அமைப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு புது வேலைக்கும் எங்கள் அலுவலகத்தின் வெற்றுக் கோப்பு ஒன்றை நகலெடுத்துத்தான் தொடங்குவோம். இடம் என்ற கட்டத்தில், முதல் நாளிலிருந்து யாரும் தொடாமல், மனுகாவ் என்று இருந்தது. நான் நார்வேத் திடலுக்கு மனுகாவின் சூரியனைக் காட்டிச் சோதித்திருந்தேன்.

இடத்தை மாற்றினேன். மறுபடியும் ஏப்ரல், மதியம் மூன்று. அங்கே சூரியன் தெற்கு வானில் நடக்கும், தெற்கு மாடத்துக்குப் பின்னால். மேடை நிழலுக்குள் போனது. மே மாதம் கொடுத்தேன். செப்டம்பர் கொடுத்தேன். அதே நிழல். அடுத்த திங்களன்று அந்த மேடைக்கான கான்கிரீட் படிகளுக்குத் தொழிற்சாலையில் அச்சு செய்யத் தொடங்குவதாக இருந்தது. அச்சு வந்துவிட்டால் அந்த மனிதர்கள் இன்னும் ஒரு தலைமுறைக்கு அந்தக் குளிரில் உட்கார வேண்டியதுதான்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னாம்மா இது, எனக்கே தெரியுமே லா. ஐரோப்பா மேட்ச்ல பாதித் திடல் இருட்டா கெடக்கும். பந்து நிழலுக்குள்ள போனா டிவில தெரியாது, நான் கத்துவேன். நீ துணி மடிச்சிக்கிட்டே தாண்டிப் போவ."

"நிழல் எந்தப் பக்கம்னு நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

"ஆஃப்சைடே சொல்லித்தர விடல, நிழல வேற சொல்லணுமா?" பிறகு குரலைத் தணித்து, "வேற யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?" என்றார்.

"இல்ல."

அவர் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் மேசைக்குப் போய், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அவையள் பார்த்துச் சரி எண்டு எழுதினவையோ?"

"எழுதுனாங்க அண்ணே. கையெழுத்து இன்னிக்கு ராத்திரி மீட்டிங்ல."

"ஓம்." அவர் கதவைச் சாத்தினார். "தங்கச்சி, எனக்கு விளங்குது. ஆனா இது எங்கட முதல் நார்வே வேலை. சூரியன் எந்தப் பக்கம் எண்டு தெரியாத ஆக்கள் எண்டால் என்ன நினைப்பினம்? பிழை எண்டு சொல்லாமல், ஒரு ஒப்ஷன் எண்டு அனுப்புவமே? வடக்கிலயும் ஒரு மேடை கீறி, இதையும் பாருங்கோ எண்டு."

நான் அந்த யோசனையை மதிக்காமல் இல்லை. நான்கு குடும்பங்கள் அந்த மேல்மாடியை நம்பியிருந்தன.

"ஆப்ஷன்னு அனுப்புனா, இருக்கறத மாத்த வேண்டாம்னு பழசையே வச்சிக்குவாங்க அண்ணே. ஏன் மாத்தணும்னு நாம சொல்லலன்னா அவங்க எதுக்கு மாத்தணும்?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நீங்கள் கதைப்பியளோ, நான் கதைக்கவோ?"

"வரைஞ்சது நான்தான்."

"அப்ப பின்னேரத்துக்குள்ள வடக்கில எங்க வைக்கலாம் எண்டும் பாருங்கோ. வெறுங்கையோட போய் நிக்கக் கூடாது. இந்த முறை இடத்தை மாத்திப்போட்டுக் கீறுங்கோ." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் மற்ற இருவர்தான் தங்கள் திரைகளுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. வடக்கு மாடத்தின் நடுவில் மேடையை வைக்க முடியாது. அதன் கீழே வெந்நீர்க் குழாய்களுக்கான பம்ப் அறை இருந்தது. மேற்கு முனையில் வைத்தால் மாலையில் இன்னொரு மாடத்தின் நிழல் வந்துவிடும். கிழக்கு முனையில்தான் மதியம் தொடங்கி ஆட்டம் முடியும்வரை வெயில் நின்றது. ஆனால் அது மூலை. நடுக்கோட்டிலிருந்து தூரம். ஒவ்வொரு நாற்காலியின் கண்மட்டத்திலிருந்தும் எதிர்க் கோல் கம்பம் தெரிகிறதா என்று கோடு இழுத்துப் பார்த்தேன். தெரிந்தது, சாய்வாக.

இரவு எட்டு மணிக்கு, அங்கே காலை எட்டு, முதலாளியும் நானும் திரையின் முன் உட்கார்ந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் மூவர்: கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரரின் ஆள், சக்கர நாற்காலிப் பார்வையாளர்களின் சார்பில் கையெழுத்திட வந்த ஒரு பெரியவர். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவராம். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். நாட்குறிப்பில் குறித்து வைத்தபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் சுற்றி வளைக்கவில்லை. மேடையைத் தவறான மாடத்தில் வரைந்துவிட்டேன், எங்கள் ஊரில் சூரியன் வடக்கே இருக்கும், சோதனையையும் எங்கள் ஊரின் சூரியனை வைத்தே செய்துவிட்டேன் என்றேன்.

"அப்படியானால் அந்தப் படத்தில் இருந்த வெயில்?" என்று ஒப்பந்தக்காரரின் ஆள் கேட்டார்.

"அது ஆக்லாந்து வெயில்."

முதலில் சிரித்தவர் பெரியவர்தான். தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் முதலாளி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சிரித்து முடித்ததும் பெரியவர், "நான் பார்த்தேன்" என்றார்.

கட்டடக்கலைஞர் அவர் பக்கம் திரும்பினார். "எதைப் பார்த்தீர்கள்?"

"தெற்கு மாடம் என்று பார்த்தேன். ஓட்டப்பாதை இருந்த காலத்திலிருந்து எங்களை அங்கேதான் வைக்கிறார்கள், தரை சமமாக இருக்கிறதென்று. மறுபடியும் அதே இடம்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். படத்தில் இருக்கும் வெயில், படம் அழகாக இருக்கட்டும் என்று போட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"முன்பு சொல்லியிருக்கிறோம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அன்று கையெழுத்திடப் பேனாவோடுதான் வந்திருந்தார்.

பழைய வரைபடங்களை ஐந்து நாள் பார்த்தவள் நான். எந்தத் தெரு எத்தனை பலகை தந்தது என்றுகூட எனக்குத் தெரியும். இவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை, நானும் கேட்கவில்லை. என் தவறு அவருக்குத் தவறாகவே தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. எப்போதும் நடப்பதோடு அது அவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போயிருந்தது.

முதலாளிதான் பேச்சைத் தொடர்ந்தார். வடக்கு மாடத்தின் கிழக்கு முனையைக் காட்டினார். பம்ப் அறையைச் சொன்னார், மூலையைச் சொன்னார், எதையும் குறைத்துச் சொல்லவில்லை. வேறு படிகளுக்கான அச்சுகளை முதலில் செய்தால் இரண்டு வாரம் தாங்கும் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அங்கே இரண்டு வரிசை இருக்கைகள் குறையும் என்றார் கட்டடக்கலைஞர்.

"ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடுவில் நிழலா, மூலையில் வெயிலா?" என்று அவர் பெரியவரைக் கேட்டார்.

பெரியவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நான் ஒருவன் சொல்ல முடியாது. மற்றவர்களைக் கேட்க வேண்டும். நடுக்கோட்டை விட்டு வரமாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள்" என்றார்.

இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு முதலாளி காருக்கு நடக்கும்போது சொன்னார்: "நல்ல காலம், ஒப்ஷன் எண்டு அனுப்பேல்லை. அந்த மனிசன் அதுக்கும் சரி எண்டிருக்கும்."

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பதில் வரவில்லை. அந்த மூன்று நாளும் என் நாட்குறிப்பில் வேலை என்ற தலைப்பின் கீழே ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கூடிப் பேசினார்களாம், சண்டையும் நடந்ததாம், கடைசியில் மூலையே ஆகட்டும் என்று முடிவாம். ஒரு வேண்டுகோள் இருந்தது. கூட வருபவருக்கான இருக்கை பின்னால் வேண்டாம், பக்கத்தில் வேண்டும். இதுவரை மனைவியோடு பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பியே பேசியிருக்கிறோம் என்று பெரியவர் எழுதியிருந்தார். விதிமுறைத் தாளில் பின்னால் வைக்கலாம் என்றுதான் இருந்தது. நான் பக்கத்தில் வரைந்தேன். மேடை ஐந்து மீட்டர் நீண்டது. அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த அலுவலகத்தின் அடுத்த வேலை, ஒரு நீச்சல் குளம், எங்களுக்கு வரவில்லை. காரணம் எழுதவில்லை. இதனால்தானா என்று முதலாளியைக் கேட்டேன். "தெரியாததைக் கதைக்கக் கூடாது தங்கச்சி" என்றார். பிறகு பாபகூராவில் ஒரு கிடங்கின் வரைபடங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது நான்கு மாத வேலை, எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், புதுப்பித்த திடலில் நடந்த முதல் ஆட்டத்தின் படம் ஒன்றைக் கட்டடக்கலைஞர் அனுப்பினார். வேறு செய்தி எதுவும் இல்லை, படம் மட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவரிடம் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கி விரல்களால் பெரிதாக்கினார்.

"என்னா லா, ஒருத்தர் மூஞ்சிலயும் சிரிப்பே இல்ல. எல்லாரும் கண்ணச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இதுக்கா அவ்வளவு பாடு?"

"கண்ணு கூசுது போல."

"கண்ணு கூசல. தோத்துட்டாங்க." அவர் வேறெதையோ தேடிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கு சைபர்" என்றார்.

கைப்பேசியை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேடையில் ஒன்பது சக்கர நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இருக்கை, இரண்டு காலியாக. வலது கோடியிலிருந்து மூன்றாவதாகப் பெரியவர். பக்கத்தில் இருந்த பெண் அவர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேலங்கியின் பொத்தான்களை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்.